இரண்டாம் முறை எடுத்த ஈ.சி.ஜி.
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கொல்லிமலைக்கு வந்த உங்களில் சிலர் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணியிருப்பீர்கள். நெஞ்சுவலிக்காரரோடு அவ்வளைவுகளில் இறங்கும்போது நாங்கள் எண்ணுவது நிமிடங்களை. 1929-ல் மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்ட் ஐயா இம்மலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். அன்று மோட்டார் சாலை கிடையாது.

ஒரு மாலை, மிளகுத் தோட்டத்தில் வேலைசெய்யும் ஒருவர் வந்தார். "வாய்வுதானுங்க, சோடா குடிச்சும் போகலைங்க" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. மாரடைப்போ என்று சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும், எடுத்தோம். கோடுகளில் குறையொன்றும் இல்லை. அவர் உடனே சட்டையைத் தேடினார். கடைசி பஸ் போய்விடுமாம்.

அனுப்பிவிடுவது எளிது. ஆனால் முதல் தாள் சரியாயிருப்பதால் இருதயமும் சரி என்று அர்த்தமல்ல. இரத்தக்குழாய் அடைபட்டும், கோட்டில் அது தெரியவரச் சற்று நேரம் பிடிக்கலாம். பின்புறத்து மாரடைப்பை வழக்கமான 12 லீடுகளும் நேராகக் காட்டுவதில்லை. எனவே தாளைவிட அந்த வேர்வையை நம்பி, அவரைப் படுக்கவைத்தோம்.

15 நிமிடம் கழித்து எடுத்த தாளில் 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. பகுதி மேலெழும்பியிருந்தது. இருதயத்தின் அடிப்பாகத்தில் மாரடைப்பு! இப்படிக் கண்டால் மார்பின் வலப்பக்கமும் லீடு வைத்துப் பார்ப்போம். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை இரத்த அழுத்தத்தை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும். நல்லெண்ணத்தோடு கொடுத்துக் கெடுக்கக்கூடிய மருந்து அது.

தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுக்க வழிசெய்தது. நாங்களும் அவற்றைக் கொடுத்து, தாளைப் படம்பிடித்து அடிவாரத்து மருத்துவருக்கு அனுப்பி, அவரை 108 வண்டியில் ஏற்றினோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கி 12 மணி நேரம்வரை போடலாம்; முதல் 3 மணிக்குள் போட்டால்தான் பலன் மிகுதி.

பிற்பாடு ஒரு பலாப்பழத்தோடு வந்தார். பழத்தைத் தூக்கிவந்தது அவர் மனைவி. பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தோமே!

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஈ.சி.ஜி. காகிதச் சுருளும் வாங்குகிறோம். சந்தேகமானால் மூன்றாம் முறையும் எடுக்கும்படி செவிலியரிடம் சொல்லியிருக்கிறோம். அந்தக் காகிதத்தில் கோடுகள் நாளடைவில் மங்கிப்போகும். ஆகவே ஒரு நகல் எடுத்து நோயாளி கையிலும் கொடுத்தனுப்புகிறோம். அடுத்த முறை வலி என்று எங்கே போனாலும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.