கப்பல் ஏட்டில் தாத்தாவின் பெயர்

(படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ராஜாவின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மிராசுதாரின் பெயர் பட்டாவில் இருக்கிறது. ஆலை முதலாளியின் பெயர் ஆலை வாசலிலேயே இருக்கிறது. உழைத்தவன் பெயர் எங்கே இருக்கிறது? கூலிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவன் எழுதவில்லை. அவன் நன்மைக்காகவும் அது எழுதப்படவில்லை. ஆனாலும் அதற்குள் அவன் இருக்கிறான். அங்கிருந்து அவனை வெளியே கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கப்பல் தொழிலாளியையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் உழைத்தவர்களின் பேரன் பேத்திகள் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் வங்கத்திலும் இருக்கிறார்கள். "எங்கள் தாத்தா கப்பலில் போனார்" என்பார்கள். எந்தக் கப்பல்? எந்த வருஷம்? என்ன வேலை? வீட்டில் யாருக்கும் தெரியாது. பெட்டியில் மங்கிப்போன ஒரு படம் இருக்கும். அதுவும் பல வீடுகளில் இல்லை. இந்த நிலையிலிருந்து தேட முடியுமா? முடியும்.

1835-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கப்பலும் தன் ஆட்களின் பட்டியலைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தொழிலாளி மீது கொண்ட அன்பா காரணம்? இல்லை. போர் வந்தால் கடற்படைக்குப் பிடித்துப் போட எத்தனை மாலுமிகள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. எப்படியோ, ஏடு பிறந்தது.

அந்த ஏட்டில் என்ன இருக்கும்? ஆளின் கையெழுத்து; எழுதத் தெரியாவிட்டால் கீறல் அடையாளம். வயது, பிறந்த ஊர், இதற்கு முன் உழைத்த கப்பல், வேலை, மாதக் கூலி, ஏறிய நாள், இறங்கிய நாள், இறங்கிய காரணம். நம்முடைய ஆலை மஸ்டரைப் போலத்தான். "முன் உழைத்த கப்பல்" என்ற அந்த ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். ஓர் ஏடு கிடைத்தால் அது அடுத்த ஏட்டுக்கு வழி காட்டும். சங்கிலியின் ஒரு வளையத்தைப் பிடித்து இழுப்பது போலப் பின்னோக்கிப் போகலாம்.

ஆனால் ஏடுகள் ஆளின் பெயர் வரிசையில் அடுக்கப்படவில்லை. கப்பலின் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1855 முதல் ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் கைமாறினாலும், பெயர் மாறினாலும், எண் மாறாது. ஆக, தாத்தாவைக் கண்டுபிடிக்க முதலில் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாளியின் சொத்துக்கு நிலையான எண். உழைத்தவனுக்கு அந்தச் சொத்தின் கீழே ஒரு வரி! 1857-க்குப் பிறகு 1913 வரை, மாலுமிகளுக்கென்று பொதுவான பெயர்ப் பதிவேடே கிடையாது. பிறகு தொடங்கிய பதிவேட்டிலும் முதல் சில ஆண்டுகளின் அட்டைகளை 1969-ல் அழித்துவிட்டார்கள். 1918 முதல் 1921 வரையுள்ள அட்டைகள் தப்பின. அவற்றில் ஆளின் புகைப்படமும் உண்டு. தாத்தாவின் முகத்தை முதன்முதலாக அந்த அட்டையில் பார்த்தவர்கள் பலர்.

மிஞ்சிய ஏடுகளும் ஒரே இடத்தில் இல்லை. 1861 முதல் 1938 வரையுள்ளவற்றில் பத்தில் ஒரு பங்கு லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 5 என்ற எண்ணில் முடியும் ஆண்டுகளின் ஏடுகள் கிரீனிச் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 1915-ஆம் ஆண்டின் ஏடுகளைத் தொண்டர்கள் வரி வரியாகப் படியெடுத்தார்கள். சுமார் 39 ஆயிரம் ஏடுகள். ஏழரை லட்சம் பெயர்ப் பதிவுகள். இன்று யாரும் காசில்லாமல் கணினியில் தேடலாம். பலர் கூடி உழைத்ததால் ஒவ்வொருவருக்கும் பயன் கிடைத்தது.

சரி, ஏடு கிடைத்துவிட்டது. அதைப் படிப்பது எப்படி? எழுதியவன் யார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

மாலுமியிடம் ஒரு விடுவிப்புப் புத்தகம் இருக்கும். பயணம் முடிந்ததும் கப்டன் அதில் நடத்தைக்கும் திறமைக்கும் முத்திரை குத்துவான். "மிக நன்று" என்றால் அடுத்த கப்பலில் வேலை உண்டு. "சொல்ல விரும்பவில்லை" என்று குத்திவிட்டால்? குற்றம் என்ன என்றும் சொல்ல மாட்டான். ஆனால் எந்தக் கப்பலும் அந்த ஆளைச் சேர்க்கத் தயங்கும். பல ஆலைகளில் பேசாமலே நடக்கும் கறுப்புப் பட்டியல் வேலை, அங்கே முத்திரையாகவே இருந்தது.

இன்னொரு வரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஏட்டில், இறங்கிய இடம் "கடலில்" என்று இருக்கும். நடுக்கடலில் எப்படி இறங்குவான்? கப்பல் மூழ்கிய நாள் அது. 1941 மே மாதம் வரை, கப்பல் மூழ்கினால் அன்றோடு கூலியும் நின்றது. தாத்தா படகில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது! அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

இனி நம் நாட்டவர் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் கப்பல்களில் இந்தியத் தொழிலாளர்களை "லஸ்கர்" என்றார்கள். 1914-ல் அவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர். கொதிகலன் முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டவர்களில் பெரும் பங்கு இவர்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் சாரங் மூலமாகத்தான் வேலை. நம் ஊர்க் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் கொடுக்காமல் கப்பல் ஏற முடியாது. வெள்ளை மாலுமி வாங்கிய கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இவர்களுக்கு வரவில்லை. இவர்களுக்கு ஒப்பந்தத்தாளும் தனி. அந்தத் தாள்களில் பல இன்று கிடைப்பதில்லை. கிடைத்தாலும், காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று விதமாக இருப்பான். ஆகவே பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. கப்பல், வருஷம், ஊர், தகப்பன் பெயர், சாரங்கின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

1939-ல் போர் மூண்டதும் இந்திய மாலுமிகள் பல துறைமுகங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறை சென்றார்கள். கூலி உயர்ந்தது. அந்த ஆண்டின் ஏட்டில் தாத்தாவின் பெயருக்கு எதிரே "கட்டளைக்குப் பணியாதவர்" என்று கண்டால் பேரன் தலைகுனியலாமா? கூடாது! கப்டனின் பேனா குற்றம் என்று எழுதியது, உரிமைப் போராட்டத்தின் சாட்சி.

கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் 1924-ல் திறந்த லஸ்கர் நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட 896 மாலுமிகளுக்காக எழுப்பியது. 896 என்பது ஒரு தொகை. தொகைக்குத் தாய் இல்லை, ஊர் இல்லை, பேரன் இல்லை. தொகையைப் பிரித்து ஒவ்வொரு ஆளாக ஆக்குவதுதான் ஏடு தேடுகிறவர்களின் வேலை.

தோழர்களே! இதில் நமக்கு என்ன பாடம்? முதலாளி தன் தேவைக்கு எழுதிய ஏடு, தேவை தீர்ந்ததும் எரியும். அல்லது கடல் கடந்து போகும். வயல் கூலிக்குப் பெரும்பாலும் ஏடே கிடையாது. கேழ்வரகோ நெல்லோ அளந்து கொட்டியதோடு கணக்கு முடிந்தது. ஆகவே நம் கணக்கை நாமே எழுதி வைக்க வேண்டும். கூலிச் சீட்டையும் சங்கச் சந்தா ரசீதையும் அடுப்பில் போடாதீர்கள். எந்த ஆலை, எந்தப் பகுதி, என்ன டோக்கன் எண், எந்தப் பண்ணை, எந்த வருஷம், என்ன கூலி, எந்தப் போராட்டம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இந்த வாரமே தொடங்குவோம்!