கிரண்காவ்: ஓர் ஆலை ஊரும் அதன் இலக்கியமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புதிய நகரம் ஒன்றுக்குப் போகிறவர்கள் அங்குள்ள கோயில்களையும் கோட்டைகளையும் நூதனசாலைகளையும் பார்க்க விரும்புவது வழக்கம். மும்பைக்குப் போயிருந்தபோது நான் பார்க்க விரும்பியது ஒரு தொழிலாளர் பகுதியை. பம்பாய் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்த அந்நகரின் நடுவே பரேல், லால்பாக், வர்ளி, பைகுல்லா, சிவ்டி முதலிய இடங்களை உள்ளடக்கிய நிலப்பரப்பை மராத்தியர் ‘கிரண்காவ்’ என்பர். ‘கிரணி’ என்றால் ஆலை. ‘காவ்’ என்றால் ஊர். ஆலையூர் என்று நாம் சொல்லலாம். பஞ்சாலைகள் ஓய்ந்துவிட்ட பின்னரும் இந்தப் பெயர் மறையவில்லை. அந்த ஊரில் நடந்து கண்டதையும், அதன் எழுத்தாளர்கள் வாயிலாக அறிந்ததையும் இணைத்துச் சில கருத்துக்களை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் 1854இல் பம்பாயின் முதலாவது நூற்பாலையை நிறுவினார். 1856இல் அது இயங்கத் தொடங்கிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, அங்கிருந்து பிரித்தானிய ஆலைகளுக்குப் பருத்தி வருவது தடைப்பட்டது. பம்பாய் வழியாகச் சென்ற பருத்திக்குப் பெருவிலை கிடைத்தது. பருத்தி வணிகத்தில் திரண்ட செல்வம் பின்னர் ஆலைகளிலும் இறங்கிற்று. கொங்கணக் கரையின் ரத்னகிரியிலிருந்தும் தக்காணத்தின் சாத்தாராவிலிருந்தும், நிலம் சோறு போடாத குடும்பங்களின் ஆண்கள் வந்து சேர்ந்தனர். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். இப்படி உருவானதுதான் கிரண்காவ்.

லோவர் பரேல் புகையிரத நிலையத்திலிருந்து நான் நடக்கத் தொடங்கினேன். முதலில் எதிர்ப்படுவது பீனிக்ஸ். ஒரு காலத்தில் அது பீனிக்ஸ் ஆலை. இன்று நகரின் பெயர்பெற்ற கடைத்தொகுதிகளுள் ஒன்று. வெளிநாட்டுச் சப்பாத்துகளும் கைக்கடிகாரங்களும் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகின்றன. அவற்றுக்கு மேலே ஆலையின் பழைய புகைபோக்கி நிற்கிறது. அதை இடித்துவிடாமல் வைத்திருப்பது நல்லதே. ஆனால் கீழே நடமாடுகிறவர்களுக்கு அது ஓர் அலங்காரம். அங்கே வேலை செய்தவர்கள் யார், எத்தனை மணிக்கு அவர்களுக்குச் சங்கு ஊதிற்று, ஏன் ஒருநாள் அது ஊதாமல் நின்றது என்பதையெல்லாம் அந்தப் புகைபோக்கி சொல்லாது. கட்டடம் சொல்லாததை எழுத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இன்றைய உரையின் சாரமும் இதுதான்.

ஆலையிலிருந்து சற்றுத் தொலைவில் ‘சாள்’ என்னும் குடியிருப்புகள். மலையகத்து லயங்களை அறிந்த நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. லயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தட்டு அடுக்கினால் சாள் ஆகிவிடும். நீண்ட நடை, அதன் இருமருங்கும் ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் குழாயும் மலசலகூடமும். 1920களில் அரசாங்கத்தின் பம்பாய் அபிவிருத்தித் திணைக்களம் கட்டிய சாள்களில் ஓர் அறை ஏறத்தாழ 160 சதுர அடி. ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுப்பார்கள். பகல் முறைக்காரன் எழுந்து போக, இரவு முறைக்காரன் அதே இடத்தில் வந்து படுப்பான். பெட்டி மாத்திரம் அவனவனுக்குச் சொந்தம்.

இந்த ஆண்களுக்குச் சோறு போட்டவர்கள் பெண்கள். ‘கானாவள்’ என்ற பெயரில் தங்கள் அறைகளிலேயே மாதக் கணக்கில் சாப்பாடு சமைத்துக் கொடுத்தார்கள். கடன் கொடுப்பவனுக்கு வட்டி கட்டியே அவர்களது உழைப்பு தேய்ந்தது. பிரேமா புராவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி 1975இல் ‘அன்னபூர்ணா மகளிர் மண்டல்’ என்ற அமைப்பைத் தொடங்கி, இவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். ஆலையூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தறியை நினைக்கும் அளவுக்கு அடுப்பை நினைப்பதில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஒரு சாளின் நடையில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். நெசவுப் பிரிவில் வேலை செய்து ஓய்ந்தவர். பக்கத்தில் இருப்பவருடனும் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். தறிக்கூடத்தில் ஆயுளைக் கழித்தவர்கள் இப்படித்தான் என்று அவருடைய பேரன் சிரித்துக்கொண்டு சொன்னான். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் இடத்தில் காது மந்தமாகும். சைகையாலும் உதட்டசைவாலுந்தான் பேசமுடியும். வேலை நேரம் முழுவதும் குரலை இழந்திருந்த மனிதர்கள் மாலையில் குரலைத் தேடினார்கள். கிரண்காவின் இலக்கியம் வாசிக்கும் இலக்கியமாக அன்றி, உரத்துப் பாடும் இலக்கியமாகத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பஜனைக் கூட்டங்களும், ‘தமாஷா’ என்னும் நாட்டார் கூத்தும், ‘போவாடா’ என்னும் வீரகாதைப் பாடலும் அவர்களோடு கிராமத்திலிருந்து வந்தன. பரேலில் இருந்த தாமோதர் அரங்கு தொழிலாளர் நாடகங்களின் தாயகமாக விளங்கிற்று. 1922இல் அமைந்த அவ்வரங்கு 2023இல் மீள்நிர்மாணத்துக்கென மூடப்பட்டது.

இந்தப் பாடல் மரபைத் தொழிலாளர் போராட்டத்தின் குரலாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் அண்ணாபாவு சாத்தே. 1920இல் சாங்லி மாவட்டக் கிராமமொன்றில், தாழ்த்தப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே வந்தார். பள்ளிப் படிப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆலையிலும் வேறு பல இடங்களிலும் கூலி வேலை செய்தார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து ‘லால் பாவ்டா’ என்ற செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். தமாஷாவில் வழக்கமாக வரும் கடவுள் வணக்கத்தை மாற்றி, உழைப்பவரையும் மண்ணையும் வணங்கித் தொடங்கினார். 1959இல் வெளிவந்த அவருடைய ‘பகீரா’ நாவல் மராத்தி இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றது. 1969இல் வறுமையோடுதான் அவர் மறைந்தார்.

அடுத்தவர் கவிஞர் நாராயண் சுர்வே. பெற்றவர் யாரென்று தெரியாத குழந்தையாகத் தெருவில் கிடந்த அவரை, கங்காராம் சுர்வே என்ற ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்தார்; தன் பெயரையும் கொடுத்தார். ஆலையில் வேலை செய்த கங்காராமுக்கு அந்தப் பிள்ளையின் சாதியைக் கேட்கத் தோன்றவில்லை. சுர்வே ஆலையில் வேலை செய்தார், பாடசாலையில் சிற்றூழியராக இருந்தார், பின் ஆசிரியரானார். 1966இல் வெளிவந்த அவருடைய தொகுதியின் பெயர் ‘எனது பல்கலைக்கழகம்’. தெருவையும் ஆலையையுமே அவர் அப்படிக் குறிப்பிட்டார். பேச்சு மொழியில், நேரில் நின்று பேசுவதுபோல அமைந்தவை அவர் கவிதைகள். கோஷம் போடாமல் கோபத்தைச் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். 2010இல் காலமானார்.

ஆனால் நேயர்களே, ஆலையூர் ஒரு சமத்துவபுரியாக இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. நெசவுத் தொழிலாளி நாடாவில் புதிய நூற்கண்டை வைக்கும்போது, நூலின் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். இதைக் காரணங் காட்டி, தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்க ஏனைய தொழிலாளர் மறுத்தனர். கூடுதல் சம்பளம் கிடைத்தது அந்தப் பிரிவில்தான். 1928இல் ஆறு மாதங்கள் நீடித்த பொது வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும் என்று டொக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். பரேலில் ஒரு சாளில் நீண்டகாலம் குடியிருந்தவர் அவர். ஒரே கொடியின்கீழ் அணிவகுத்தவர்கள் ஒரே நாடாவில் வாய் வைக்கத் தயங்கினார்கள். பெண்களின் கதையும் இத்தகையதே. 1920களில் ஆலைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் பெண்கள். இயந்திரங்கள் மாறி ஆட்குறைப்பு நடந்தபோதெல்லாம் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே. கடந்துபோனது பொற்காலம் என்று பாடுவது எளிது. அதை நம்ப மறுப்பதும் இலக்கிய வாசகனின் கடமை.

இனி, முடிவின் தொடக்கத்துக்கு வருவோம். 1982 ஜனவரி 18ஆம் திகதி, டொக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பள உயர்வு மாத்திரம் அவர்களது கோரிக்கையன்று. 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒரு தொழிற்சங்கத்துக்கு மாத்திரமே பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையைக் கொடுத்திருந்தது. அதை நீக்குமாறும் கேட்டனர். அரசாங்கமும் முதலாளிமாரும் இறங்கி வரவில்லை. மாதங்கள் கடந்தன. வேலை பிவண்டியின் விசைத்தறிகளுக்குக் கைமாறியது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் ஆலை வாயிலை மிதிக்கவே இல்லை. இந்த வேலைநிறுத்தம் முடிந்தது என்று எவரும் முறைப்படி அறிவிக்கவில்லை என்பது வியப்புக்குரியது. சாமந்த் 1997 ஜனவரி 16ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

துணியைவிட நிலம் பெறுமதியாகிவிட்ட காலம் அது. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது. 1991இல் வந்த விதியின்படி, ஆலை நிலத்தை மாற்றுத் தேவைக்குப் பயன்படுத்துவோர் அதை மூன்றாகப் பகிரவேண்டும். ஒரு பங்கு மாநகரசபையின் திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் இந்த விதி திருத்தப்பட்டது. கட்டடங்கள் நின்ற நிலத்தை விட்டுவிட்டு, வெறுமையாகக் கிடந்த நிலத்தை மாத்திரம் பகிர்ந்தால் போதும் என்றாயிற்று. வழக்கு நடந்தது. பம்பாய் மேல் நீதிமன்றம் 2005இல் திருத்தத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிற்று. பூங்காவாகவும் தொழிலாளர் வீடுகளாகவும் ஆகியிருக்க வேண்டிய நிலத்தின் பெரும்பகுதி கோபுரங்களாயிற்று. தொழிலாளருக்கான வீடுகளைச் சீட்டிழுப்பு மூலம் கொடுக்கும் முறை 2012இல் தொடங்கியது. ஏறத்தாழ 7,000 வீடுகளுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல்.

நிலத்தை இப்படிப் பங்கிட்டதன் விலை பணத்தால் மாத்திரம் கொடுக்கப்படவில்லை. 2017 செப்டெம்பரில், அலுவலகக் கூட்டம் நெரிந்த எல்பின்ஸ்டன் ரோட் நிலையத்தின் ஒடுங்கிய நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தனர். அதே ஆண்டு டிசெம்பரில், கமலா ஆலை வளவுக்குள் இருந்த உணவகக் கட்டடமொன்றில் தீப்பற்றி 14 பேர் மாண்டனர்.

இந்த மாற்றத்தை எழுதியவர் ஜயந்த் பவார். கிரண்காவிலேயே வளர்ந்தவர், 2021இல் மறைந்தார். 1997இல் மேடையேறிய அவருடைய நாடகம் ‘அதாந்தர்’. அந்தரத்தில் நிற்பது என்று பொருள். வேலைநிறுத்தத்துக்குப் பிந்திய ஓர் ஆலைக் குடும்பம், தந்தை இல்லை. ஒற்றை அறைக்குள் தாயும் வேலையற்ற பிள்ளைகளும். ஒருவன் எழுத்தாளனாகும் கனவில் இருக்கிறான். இன்னொருவன் குண்டர் கூட்டத்தோடு சேர்கிறான். வேலைநிறுத்தத்தின் தலைவர்களோ முதலாளிமாரோ மேடைக்கு வருவதில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். சுர்வேயின் தொழிலாளிக்கு எதிரி யாரென்று தெரிந்திருந்தது. பவாரின் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆலையோடு போனது சம்பளம் மாத்திரமன்று. தன் நிலையைத் தனக்கே விளங்கப்படுத்தும் மொழியும் போய்விட்டது. பவாரின் பெரும் பங்களிப்பு இதைக் கண்டு சொன்னதே என்பது எனது கணிப்பு. 2012ஆம் ஆண்டு சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற அவருடைய சிறுகதைத் தொகுதியின் பெயர் ‘பீனிக்சின் சாம்பலிலிருந்து எழுந்த மயில்’. பீனிக்ஸ் சாம்பலிலிருந்து மீண்டும் பீனிக்ஸே எழும் என்பது கதை. இங்கே எழுந்ததோ தோகை விரித்த வேறொரு பறவை. அந்தக் கடைத்தொகுதியைப் பார்த்தவர்களுக்குத் தலைப்பின் ஏளனம் புரியும்.

இவற்றோடு இன்னொரு நூலையும் சொல்லவேண்டும். மீனா மேனன், நீரா அடார்க்கர் ஆகிய இருவரும் ஆலைத் தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டி 2004இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். நூறு ஆண்டுகள், நூறு குரல்கள் என்பதே அதன் பெயர். தலைவர்களின் வரலாற்றில் இடம்பெறாத கானாவள் பெண்ணும் தறிக்காரனும் அதில் தம் வாயாலேயே பேசுகிறார்கள்.

மராத்தித் தலித் இலக்கியம் தமிழுக்கு வந்து நம்மிடையே பயன்மிக்க விவாதங்களை எழுப்பியது. கிரண்காவின் நாடகங்களும் கதைகளும் அவ்வாறே நம் மொழியில் பரவலாகப் படிக்கப்படவேண்டும். ஆலை நிலத்தில் தொழிலாளருக்கு உரிய பங்கு எது என்பதை விதியும் நீதிமன்றமும் மாற்றி மாற்றி அளந்தன. அவர்கள் பாடியதையும் எழுதியதையும் சொல்லிவைத்ததையும் அப்படி அளந்து பிரிக்க எந்த விதியாலும் இயலாது. அந்தப் பங்காவது முழுமையாக அவர்கள் பெயரில் இருக்கவேண்டுமானால், அதை வாசிக்க ஆட்கள் வேண்டும்.