நாமும் நாங்களும்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், பேஸ்பால் என்னும் அமெரிக்க விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஆட்டத்தின் ரசிகர்கள் நாள்தோறும் வழங்கும் ஒரு சிறு சொல்லே இந்த உரையின் பொருள். சொல்லைப் பற்றிய ஆராய்ச்சி கவிஞர்களுக்கு அயலானதன்று.

பேஸ்பால் இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். குளிர்காலத்தில் ஆட்டம் ஓய்ந்தாலும் பேச்சு ஓய்வதில்லை. முற்காலத்தில் சிற்றூர்க் கடைகளில் மக்கள் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து வாதிடுவார்கள். எந்த வீரரை விடலாம், எவரைக் கொள்ளலாம், எவருக்கு எவ்வளவு ஊதியம் தகும் என்பவையே வாதத்தின் பொருள்கள். அந்தப் பேச்சுக்கே 'கணப்படுப்புக் கழகம்' என்று பொருள்படும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஒரு கழகம் தன் வீரரைக் கொடுத்து வேறொரு கழகத்தின் வீரரைப் பெறுவதை 'டிரேட்' என்பார்கள். வணிகம் என்று பொருள்படும் சொல் அது. தமிழில் சொல்வதானால், பண்டமாற்று என்ற சொல்லே அதற்கு நெருங்கி வரும்.

அந்தப் பேச்சில் ரசிகர் எப்போதும் தன்மைப் பன்மையிலேயே பேசுவார். 'நாம் வென்றோம்' என்பார். 'நாம் அவரைக் கொடுத்தோம்' என்பார். கழகத்தின் சொத்தில் அவருக்கு ஒரு காசுப் பங்கும் கிடையாது. ஆயினும் அந்த உரிமையை அன்பு அவருக்குத் தந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான். தமிழிலோ, கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நாம்'. அவரை விலக்கினால் 'நாங்கள்'. 'வென்றோம்' என்னும்போது வீரரும் உள்ளே நிற்கிறார். 'கொடுத்தோம்' என்னும்போது அவர் வெளியே நிற்கிறார். ஆங்கிலச் சொல் மறைத்துவிடும் அந்த வாசற்படியைத் தமிழ் காட்டிவிடுகிறது. அந்த வாசற்படியில் நின்று ஒரு மனிதர் கேள்வி கேட்டார். அவர் பெயர் கர்ட் ஃபிளட்.

அவருடைய செய்திக்கு முன்னால் வேறொரு பண்டமாற்றைக் குறிப்பிட வேண்டும். 1964-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று, சிகாகோ கப்ஸ் கழகம் லூ பிராக் என்ற இளைஞரை உள்ளிட்ட சிலரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்குக் கொடுத்து, எர்னி பிராக்லியோ என்ற எறிவீரரை உள்ளிட்ட சிலரைப் பெற்றது. பிராக்லியோ முந்தைய ஆண்டு 18 ஆட்டங்களை வென்றவர். பிராக்கோ அதுவரை பெரிதாக எதையும் சாதிக்காதவர். இலாபம் சிகாகோவுக்கே என்று அன்று பலர் கருதினர். நடந்ததோ வேறு. பிராக்லியோவின் முழங்கை பழுதுற்றது. சிகாகோவுக்காக அவர் வென்றவை 7 ஆட்டங்களே. பிராக் வந்த அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. பின்னாளில் அவர் திருடிய தளங்களின் எண்ணிக்கை 938. இரு பெயர்களையும் சேர்த்துச் சொன்னாலே போதும், மோசமான பண்டமாற்று என்று பொருள்; அது பழமொழியாகவே ஆகிவிட்டது.

அந்த வெற்றி அணியின் நடுக்களக் காவலர்தான் ஃபிளட். 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து, சிறந்த களக்காவலுக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றவர். 1968-ஆம் ஆண்டு உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில், தலைக்கு மேல் சென்ற ஒரு பந்தின் போக்கை அவர் தவறாகக் கணித்தார். செயின்ட் லூயிஸ் தோற்றது. நூற்றுக்கணக்கான பந்துகளைப் பிடித்த கைகளை மறந்து, தவறிய ஒரு பந்தைக் கணப்படுப்பு நினைவில் வைத்துக்கொண்டது.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கழகம் ஃபிளட்டையும் வேறு சிலரையும் ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து, டிக் ஆலன் முதலியோரைப் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய ஊரைவிட்டுப் போகவேண்டும் என்பதை ஃபிளட் தொலைபேசி வழியாகத்தான் அறிந்தார். ஒருமுறை ஒப்பமிட்ட வீரரைக் கழகம் விரும்பும் காலம்வரை வைத்துக்கொள்ளவும் விரும்பும் இடத்துக்கு அனுப்பவும் வழிசெய்த தக்கவைப்பு விதி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நடைமுறையில் இருந்தது. மறுத்தால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும்.

அந்தப் பண்டமாற்றின் மறுபக்கத்தையும் காண்பது நீதியாகும். டிக் ஆலன் ஃபிலடெல்பியாவை விட்டு நீங்கத் தவித்துக்கொண்டிருந்தவர். சொந்த ஊர் ரசிகர்களே அவர்மீது பொருள்களை வீசினர். காவல் நிற்கும்போதும் அவர் தலைக்கவசம் அணிய நேர்ந்தது. 1969-இல் அவர் தம் காலணி முனையால் ஆடுகள மண்ணில் சொற்களை எழுதத் தொடங்கினார். நிறுத்தும்படி ஆணை வந்தபோது 'ஏன்' என்று பொருள்படும் சொல்லை எழுதினார். 'இல்லை' என்பதையும் எழுதினார். ஒரே பண்டமாற்று ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்கு நாடுகடத்தல். இருவரையும் ஒருவரும் கேட்கவில்லை என்பதே இருவருக்கும் பொதுவானது.

ஆலன் மண்ணில் எழுதினார். ஃபிளட் தாளில் எழுதினார். 1969 டிசம்பர் 24 அன்று ஆட்டத்தின் ஆணையர் போவி கூனுக்கு ஒரு கடிதம் விடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய தாம், தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தக்க ஓர் உடைமை அல்லர் என்பதே அதன் சாரம். இலக்கண நோக்கில் அந்தக் கடிதம் செய்தது ஒன்றுதான். அதுவரை ரசிகரின் வாக்கியத்தில் செயப்படுபொருளாக இருந்தவர், தம் வாக்கியத்தில் தாமே எழுவாய் ஆனார்.

ரசிகர் பலர் சினந்தனர். ஆண்டுக்கு 90,000 டாலர் பெறுபவருக்கு என்ன குறை என்று கேட்டனர். வசைக் கடிதங்கள் வந்தன. 1970-இல் நியூயார்க்கில் வழக்கு நடந்தபோது ஜாக்கி ராபின்சன் வந்து சான்று பகர்ந்தார். அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரும் மன்றத்தில் வந்து அமரவில்லை. அந்த வெற்று இருக்கைகள், எந்த வசையைவிடவும் அவரை வருத்தியிருக்கும்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1972 ஜூன் 19 அன்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், தொடக்கத்தில் ஆட்டத்தின் வரலாற்றைப் புகழ்ந்து, எண்பதுக்கும் மேற்பட்ட பழைய வீரர்களின் பெயர்களை அடுக்கினார். பேஸ்பால் கவிதைகளையும் நினைவுகூர்ந்தார். அவரோடு உடன்பட்ட நீதிபதிகளுள் இருவர் அந்தப் பகுதியில் மட்டும் சேர மறுத்தனர். பேஸ்பால் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு உட்படாது என்ற 1922-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முரணானது என்பதைப் பிளாக்மன் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கடமை என்று ஒதுங்கினார். கவிஞர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆட்டத்தின்மேல் கொண்ட காதல் அத்தனை பெயர்களைப் பாடிற்று. எதிரே நின்ற ஒரு பெயருக்கு நீதி தரவில்லை. கணப்படுப்பின் குரலே அன்று நீதிமன்றத்திலும் ஒலித்தது.

ஃபிளட்டின் தோல்வி வீண்போகவில்லை. பத்தாண்டுகள் ஆடி, இறுதி ஐந்தாண்டுகள் ஒரே கழகத்தில் இருந்தவரை அவர் ஒப்புதலின்றி மாற்றலாகாது என்ற விதி 1973-இல் வந்தது. 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், மெசர்ஸ்மித், மக்னாலி என்னும் இரு எறிவீரர்கள் சார்பாகத் தீர்ப்பளிக்க, தக்கவைப்பு விதியின் பிடி தளர்ந்தது. ஃபிளட் 1971-இல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டங்கள் மட்டும் ஆடி விலகிவிட்டார். 1997 ஜனவரியில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய சட்டம் 1998-இல் நிறைவேறியது. அவர் தட்டிய கதவின் வழியே பிறர் உள்ளே சென்றனர்.

2023 டிசம்பரில் ஷோஹெய் ஒதானி பத்தாண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அதில் 68 கோடியைப் பிற்காலத்தில் பெற இசைந்தார். ரசிகர்கள் வட்டியும் வரியும் கணக்கிட்டு வாதிட்டனர். 2020 பிப்ரவரியில் பாஸ்டன் கழகம் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தபோது, ரசிகர் சினம் பெரும்பாலும் கழக உரிமையாளர்மீதே பாய்ந்தது. ஐம்பது ஆண்டுகளில் வாசற்படி சற்றே இடம் மாறியிருக்கிறது. பிரிந்து சென்ற வீரரையும் 'நாம்' என்பதற்குள் வைத்து வருந்தும் பழக்கம் வந்திருக்கிறது.

ரசிகர்களைப் பழிப்பது இந்த உரையின் நோக்கமன்று. அன்பில்லாதவன் குளிர்காலம் முழுதும் வாதிடமாட்டான். ஆனால் அன்பு தன்னை அறியாமலே உடைமையின் மொழியைப் பேசத் தொடங்கிவிடும். 'நம் வீரர்' என்ற சொல், பாராட்டிலிருந்து பட்டா ஆவதற்கு ஒரு நொடி போதும். மக்கள், ஊர், மொழி என எதை நேசித்து 'நாம்' என்று எழுதினாலும், அந்தச் சொல்லுக்குள் எவர் நிற்கிறார், எவர் வெளியேற்றப்படுகிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது எழுதுவோர் கடமை. வெளியே நிற்பவர் வாய்திறந்தால் அதை நன்றிகேடு என்று கொள்ளாமல் செவிகொடுப்பதே 'நாம்' என்ற சொல்லுக்குச் செய்யும் மரியாதை.