கிளென் மில்லரின் இசைத்தட்டு

என்னிடம் பழைய வினைல் இசைத்தட்டு ஒன்று உண்டு. அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் கிளென் மில்லர் 1939-ல் பதிவு செய்த ‘மூன்லைட் செரனேட்’ இசையின் மறுவெளியீடு அது. சாக்ஸபோன்கள் சேர்ந்து ஒலிக்க, அவற்றின்மேல் ஒரு கிளாரினெட் மிதந்து செல்லும். அந்த நாதமே அக்குழுவின் அடையாளம். ஊசியை மும்முறை வைத்துக் கேட்ட பின்னரே எனக்கு அது விளங்கிற்று. மில்லர் வாசித்ததோ டிராம்போன்! தம் கருவிக்கு அவர் அங்கே முதலிடம் தரவில்லை.

புகழின் உச்சியில், 1942-ல், குழுவைக் கலைத்துவிட்டு இராணுவத்தில் சேர்ந்தார்; போர்வீரர்களுக்காகப் புதுக் குழு அமைத்தார். 1944 டிசம்பர் 15-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து பாரிஸ் நோக்கிச் சிறு விமானத்தில் புறப்பட்டார். போய்ச் சேரவில்லை. வயது நாற்பதுதான். பின்னே சென்ற குழுவினர், பாரிஸில் தலைவரின்றியே வாசித்தனர்.