61-ஆவது பிள்ளை

தாளாளர் தந்தை அவர்களே, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் இறக்கை கட்டி உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்பு வானதூதர்களே!

கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். அதை 25-ஆம் தேதி கோயில் முற்றத்தில் சொல்கிறேன். இது திருவருகைக் காலம். போன ஞாயிறுதான் ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றினோம். இன்னும் ஒரு ஊதாத் திரி பாக்கி இருக்கிறது. அது எரிகிற வரைக்கும் நமக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆண்டுச் செய்தியைச் சிஸ்டர் வாசித்துவிட்டார்கள். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்துவிட்டது. லீவு முடிந்து வந்தால் மூன்றாம் பருவப் புத்தகம். மழைக்கு விட்ட நாட்களையெல்லாம் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டியாயிற்று. எல்லாம் சரி. ஆனால் சிஸ்டர் வாசிக்காமல் விட்ட செய்தி ஒன்று இருக்கிறது. அது வராந்தாவில் இருக்கிறது.

உள்ளே வரும்போது குடிலைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, நிறைய பேர் பார்த்திருக்கிறீர்கள். கடையில் வாங்கின பொருள் அதில் ஒன்றுகூடக் கிடையாது. கீழே கிடப்பது நம் கடற்கரை மணல். மேலே சவுக்குக் கொப்பு. புல்வெளி என்று பச்சைப்பசேலென்று தெரிகிறதே, அது சிரட்டையில் கேழ்வரகு விதைத்து, பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிர். பின்னால் நீல வானம் மாதிரி தொங்குவது யாரோ ஒரு அப்பாவின் கிழிந்த வலை. இடையர்களுக்குப் பக்கத்தில் ஒரு வள்ளம் நிற்கிறது பாருங்கள். பெத்லகேமில் வள்ளம் எப்படி வந்தது என்று ஒரு பெரியவர் கேட்டார். நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை பதில் சொல்லிவிட்டாள்: "எங்க அப்பாவும் பாக்க வரணும்ல, தாத்தா?" தட்டுங்கள் கையை! அந்தப் பிள்ளைக்காகத் தட்டுங்கள்!

இப்படிக் கேட்கலாம், இப்படிச் செய்யலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பெயர் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். அவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ பின்னால் நிற்கிறார்கள். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார்கள். நமக்கு அவர்கள் "அந்த டீச்சர்". அது போதும்.

குடிலுக்குள் தீவனத்தொட்டி காலியாக இருக்கிறது. பாலன் இயேசுவின் சுரூபத்தை 24-ஆம் தேதி இரவுதான் வைப்பார்கள். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. நல்ல காரியம் ஒன்று செய்த பிள்ளை ஒரு வைக்கோலை எடுத்து அந்தத் தொட்டியில் போடலாம். என்ன செய்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் ஒரு பையன் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறான். டீச்சர் பக்கத்தில் போய் என்னடா என்று கேட்டிருக்கிறார்கள். "இது நல்ல காரியமான்னு தெரியல டீச்சர். புயல் எச்சரிக்கையில அப்பா தொழிலுக்குப் போகல. அதான் இந்த வருஷம் புதுச்சட்டை கேக்கல. இதுக்குப் போடலாமா?"

அந்த டீச்சர் சொன்னார்களாம்: "இதுக்கு ஒண்ணு பத்தாது ராசா. ரெண்டு போடு."

தட்டுங்கள். இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறீர்கள்!

கோயிலில் வட்டமாகப் பச்சை இலை கட்டி நாலு திரி வைக்கிறோமே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்று ஒரு போதகர். நம் சபைக்காரர் இல்லை, லுத்தரன். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு வீடு நடத்தினார். டிசம்பர் பிறந்தால் அந்தப் பிள்ளைகள், "இன்னைக்கு கிறிஸ்துமஸா, நாளைக்கா?" என்று தினமும் நச்சரிப்பார்களாம். 1839-ஆம் வருடம் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்புத் திரி. தினம் ஒன்று ஏற்றி, இத்தனை நாள் போயிற்று, இன்னும் இத்தனை நாள் என்று எண்ணக் கற்றுக் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கக் கோயில்களில் பீடத்துப் பக்கத்தில் நிற்கிற அந்த வளையம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் செய்த சக்கரம். நம் டீச்சர் வைக்கோலில் செய்ததும் அதே வேலைதான்.

எண்ணிக்கை என்று வந்துவிட்டதால் இன்னொரு எண்ணிக்கையையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் கசக்கும். கேளுங்கள்.

2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பணியிடத்தை நிர்ணயம் செய்வார்கள். நம் பள்ளி 60-ஐத் தாண்டவில்லை. அதனால் இது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியை. பதிவேடும் மீட்டிங்கும் அவர்கள் தலையில்.

அப்படியானால் அந்த டீச்சர் யார்? அரசாங்கக் கணக்கில் அவர்கள் இல்லை. பங்கிலிருந்து கொடுக்கிற சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குச் சங்கடம். ஒன்று சொல்கிறேன். நம் ஊரிலிருந்து மூன்று நான்கு பிள்ளைகளுக்குக் கட்டுகிற வேன் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், அந்தச் சம்பளம் வந்துவிடும்.

ஆமாம், வேன்! காலையில் நம் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கிறதே, அந்த வேன். எந்தப் பள்ளி என்று நான் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும். தமிழில் பேசினால் அபராதம் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார்கள். "ஆர்.சி. ஸ்கூலா, அங்க என்ன இருக்கு?" என்று நம் வீட்டு வாசலிலேயே வந்து கேட்கிறார்கள். என்ன இருக்கிறதா? 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்தாரே, அந்த மணிச் சத்தம் இருக்கிறது! அவர் மணி அடித்து ஏழை பணக்காரன் பார்க்காமல் கூப்பிட்டார். இவர்கள் ஹாரன் அடித்துப் பணம் கட்டினவன் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்!

கை தட்டுகிறீர்கள். சந்தோஷம். தட்டுகிற கைகளில் சில, காலையில் அந்த வேனுக்கு டாட்டா காட்டுகிற கைகள். மேடையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தந்தை மன்னிக்க வேண்டும். கோயில் கொடியேற்றத்துக்கு நாம் முன்னால் நிற்கிறோம், அசனத்துக்கு முன்னால் நிற்கிறோம். பள்ளியில் பெயர் எழுதுகிற நாளில் மட்டும் எங்கே போய்விடுகிறோம்?

ஏழைப் பள்ளி என்கிறார்கள். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளிகளில் வந்தது. நம்மைப் போன்ற உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கேட்டோம், மனு கொடுத்தோம். 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். ஊரகப் பகுதியில் உள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. அதைத் தொடங்கி வைத்த இடம் எது? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி, புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. நம் பள்ளியைப் போல ஒரு பள்ளி! முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பள்ளி! இன்று நம் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு அ, ஆ எழுதவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த டீச்சர் பரிமாறும்போது நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளை முந்தின இரவு சாப்பிடவில்லை என்று அவர்களுக்கு முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

அப்படிப்பட்டவரை வருடாவருடம் ஆகஸ்ட் மாதம் காத்திருக்க வைக்கிறோம். எண்ணிக்கை கூடுமா, பணியிடம் வருமா, இல்லை ஜூனில் வேறு வேலை தேட வேண்டுமா? அலுவலகத்தைக் குறை சொல்லி என்ன செய்ய? சட்டம் 61 கேட்கிறது. 61 பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு எனக்குத் தெரியும். அவர்கள் நடந்து வருகிற தூரத்தில் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். இரண்டே விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன். நாளை இரவு முதல் கேரல் வீடு வீடாக வரும். அந்த உண்டியலில் விழுகிறதில் ஒரு பங்கை அந்த டீச்சரின் சம்பளத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று பங்குப் பேரவையை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். தந்தை தலையசைக்கிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டாவது. குடிலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு நோட்டு. வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வேனில் போகிற பிள்ளையையும் திரும்பக் கொண்டு வரலாம், சிஸ்டர் கதவை அடைக்க மாட்டார்கள். சேர்க்கைக்கு இன்னும் மாதம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். வேன்காரர் பொங்கலுக்குள்ளேயே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

என் பேத்திக்கு அந்த வயது. மகனும் மருமகளும் அதோ உட்கார்ந்திருக்கிறார்கள், நேற்று ராத்திரி பேசி முடிவு செய்துவிட்டோம். நோட்டில் முதல் பெயர் அவள் பெயர். இப்போது இறங்கிப் போய் எழுதுகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் என் பின்னாலேயே வாருங்கள்.