தபால் ஓட்டு: அறிவிக்கை வந்ததும் நம்ம கையில இருக்கிறது 5 நாள்தான்

(பூத் பொறுப்பாளர்கள் பயிற்சிக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்.)

பூத் கமிட்டி அண்ணன்கள், அக்காக்கள், முதல் தடவை பூத் வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகள் எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க. ஐ.டி. விங்ல இருந்து வந்திருக்கான், மீம், ரீல்ஸ் பத்தித்தான் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. இன்னைக்கு அது கிடையாது. இன்னைக்கு முழுக்க பேப்பர், கவர், கையெழுத்து.

ராதாபுரம் தொகுதி, 2016 சட்டமன்றத் தேர்தல். ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 49 ஓட்டு. அதே தொகுதியில செல்லாதுன்னு ஒதுக்கின தபால் ஓட்டு 203. ஏன் ஒதுக்கினாங்க? உறுதிமொழிப் படிவத்துல சான்றொப்பம் போட்டது பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவங்களுக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சொல்லி. ஓட்டுப் போட்டவங்க பக்கம் ஒரு தப்பும் இல்லை. கவரைப் பிரிச்சு யாருக்கு ஓட்டுன்னு பார்க்கவே இல்லை. வழக்கு நடந்து, 2019 அக்டோபர்ல உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணவும் செஞ்சாங்க. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 தேர்தல் வந்துடுச்சு. எந்தக் கட்சி, யார் வேட்பாளர்ங்கிறதை இன்னைக்கு விட்டுடுங்க. 203 பேரோட ஓட்டு ஒரு கையெழுத்துல மாட்டிக்கிச்சு, அதை மட்டும் மனசுல வைங்க.

தபால் ஓட்டு யாருக்கு உண்டு? 85 வயசு தாண்டினவங்க, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ மாற்றுத்திறன் உள்ளவங்க. இவங்களுக்குப் படிவம் 12டி. வயசு வரம்பு முன்னாடி 80 ஆக இருந்துச்சு, 2024 மார்ச்ல 85 ஆக்கிட்டாங்க. இன்னும் பல பேர் 80ன்னே சொல்லிட்டுத் திரியறாங்க, தயவுசெஞ்சு திருத்துங்க. தேர்தல் பணிக்குப் போற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீஸ்காரங்களுக்குப் படிவம் 12. ராணுவத்துல இருக்கிறவங்களுக்கு ஓட்டுச்சீட்டு ஆன்லைன்ல போகும், பிரிண்ட் எடுத்து, ஓட்டுப் போட்டு, தபால்ல அனுப்பணும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் நம்ம பேஜ்ல துபாய், சிங்கப்பூர் தோழர்கள் "எங்களுக்கும் தபால் ஓட்டு உண்டா"ன்னு கேட்கறாங்க. இப்போதைக்குக் கிடையாது. வெளிநாடு வாழ் வாக்காளரா பதிஞ்சிருந்தாலும் பாஸ்போர்ட்டோட நேர்ல வந்துதான் போடணும். பெங்களூருல வேலை பார்க்கிற தம்பிக்கும் கிடையாது, பஸ் டிக்கெட்டை இப்பவே போடச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 12டி கொடுக்க எத்தனை நாள்? அறிவிக்கை வெளியானதுல இருந்து 5 நாள். டிவியில தேர்தல் தேதி சொல்றாங்களே, அது அறிவிக்கை இல்லைங்க. 2024 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்குங்க. தேதி அறிவிச்சது மார்ச் 16. தமிழ்நாட்டுக்கு அறிவிக்கை வெளியானது மார்ச் 20. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. ஓட்டுக்குத்தான் ஒரு மாசம் இருக்கேன்னு அசந்து உட்கார்ந்தவங்க, மார்ச் கடைசியில படிவத்தைத் தேடினா என்ன பிரயோஜனம்? அந்த 5 நாள்ல நாம வேட்புமனு, ஊர்வலம்னு அலைஞ்சுட்டு இருப்போம். அதனால பூத்துக்கு ஒருத்தர் இந்த வேலைக்குன்னே தனியா இருக்கணும்.

அந்த நாட்கள்ல பி.எல்.ஓ. வீட்டுக்கு 12டி படிவம் கொண்டு வருவார். வீடு பூட்டியிருந்தா தகவல் வெச்சுட்டு மறுபடி வருவார். நம்ம வேலை, அந்த நேரம் பெரியவங்க வீட்டுல இருக்காங்களான்னு பார்க்கிறது. பிள்ளைங்க வீட்டுக்கு மாறி மாறிப் போற பெரியவங்க நிறைய. மாற்றுத்திறனாளின்னா சான்றிதழ் நகல் சேர்த்துக் கொடுக்கணும். பட்டியல்ல வயசு தப்பா இருந்தாலோ, மாற்றுத்திறனாளின்னு குறிப்பு இல்லாட்டியோ, இப்பவே படிவம் 8 கொடுங்க. அறிவிக்கை வந்த பிறகு ஓடிப் பயன் இல்லை.

ஒண்ணு, யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க. எங்க தெருவுல 87 வயசுப் பாட்டி, "நான் பூத்துக்கு நடந்து போய்த்தான் போடுவேன், வீட்டுக்கு யாரும் வர வேணாம்"னு சொல்லிடுச்சு. அது அவங்க உரிமை, ஒரு ஆட்டோ ஏற்பாடு பண்ணினாப் போதும். ஏன்னா 12டி ஏத்துக்கிட்டா பட்டியல்ல பேருக்கு நேரா 'பி.பி.'ன்னு குறிச்சுடுவாங்க. அப்புறம் மனசு மாறி பூத்துக்குப் போனா போட விட மாட்டாங்க. இதைச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கச் சொல்லணும்.

வீட்டுக்கு ஓட்டு வாங்க வர்ற குழுவுல அதிகாரிகள், போலீஸ், வீடியோ எடுக்கிறவர் இருப்பாங்க. தேதி முன்கூட்டியே சொல்லிடுவாங்க. முதல் தடவை ஆள் இல்லைன்னா இன்னொரு தடவை வருவாங்க, அதோட சரி. மூணாவது கிடையாது. ஆஸ்பத்திரி செக்கப்பை அந்தத் தேதியில வெச்சுக்க வேணாம்னு வீட்டுல சொல்லி வைங்க. வேட்பாளர் சார்புல ஒரு ஆள் கூடப் போகலாம், முன்னாடியே தேர்தல் நடத்தும் அலுவலர்கிட்ட பேர் கொடுத்திருக்கணும். அவர் பார்க்கலாம், பேசக்கூடாது. கவரை நாம தொடவே கூடாது. "கொடுங்க பாட்டி, நான் கொண்டு போய்ச் சேர்க்கிறேன்"னு யாராவது வாங்கினா அது உதவி இல்லை, கேஸ். ஓட்டுச்சீட்டை போட்டோ எடுத்து குரூப்ல போடறதும் அப்படித்தான்.

ஆசிரியர் தோழர்களுக்கு: 2023ல விதி மாறினதுக்கு அப்புறம், தேர்தல் பணியில இருக்கிறவங்க தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. வசதி மையத்துலயே வாங்கி, அங்கேயே போட்டு, அங்கேயே கொடுத்துடணும். கெஜட்டட் அதிகாரி அங்கேயே இருப்பார், சான்றொப்பத்துக்கு அலைய வேணாம். ஆனா கவர் விஷயத்துல கவனம். ஓட்டுச்சீட்டு மட்டும் சின்னக் கவர்ல, அது 13பி. உறுதிமொழி 13ஏ, அது சின்னக் கவருக்குள்ள போகவே கூடாது. ஒட்டின சின்னக் கவர், உறுதிமொழி ரெண்டும் சேர்ந்து பெரிய கவர் 13சி-க்குள்ள. எண்ணும்போது முதல்ல பெரிய கவரைப் பிரிச்சு உறுதிமொழியைத்தான் தேடுவாங்க. அது இல்லைன்னாலோ, கையெழுத்து இல்லைன்னாலோ, வரிசை எண் ஒத்துப்போகலைன்னாலோ, சின்னக் கவரைத் திறக்கவே மாட்டாங்க.

அனுப்பின ஓட்டைப் பின்தொடர முடியுமா? அமெரிக்காவுல பல மாகாணங்கள்ல கொரியர் பார்சல் மாதிரி போன்லயே பார்க்கலாம். 12டி-க்கு நம்ம ஊர்ல அந்த வசதி இல்லை. நமக்கு இருக்கிறது பட்டியல்தான். 12டி ஏத்துக்கிட்டவங்க பட்டியல் வேட்பாளருக்குக் கிடைக்கும். நீங்க வெச்சிருக்கிற பேர் அதுல இருக்கான்னு ஒண்ணொண்ணா டிக் அடிங்க. விட்டுப்போயிருந்தா அன்னைக்கே அலுவலரைப் பாருங்க. குழு வந்துட்டுப் போனதும் இன்னொரு டிக். ராணுவத் தம்பிங்க ஓட்டு, எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள்ள வந்து சேரணும், 8.05க்கு வந்தா குப்பை. ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம், சீக்கிரம் அனுப்பினாப் போதும்னு சொல்லுங்க.

எண்ணிக்கை அன்னைக்கு முதல் மேஜையே தபால் ஓட்டுதான். அங்க படிவம் படிக்கத் தெரிஞ்ச, நிதானமான ஆளை உட்கார வைங்க. சத்தம் போடறவங்க வேற மேஜைக்குப் போகட்டும். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் காரணம் கேட்டு எழுதிக்கணும். வித்தியாசம், செல்லாததுன்னு ஒதுக்கின தபால் ஓட்டை விடக் கம்மியா இருந்தா, முடிவு அறிவிக்கிறதுக்கு முன்னாடி அதையெல்லாம் மறுபடி சரிபார்க்கணும்னு ஆணையத்தோட உத்தரவு இருக்கு. 2020 பீகார் தேர்தல்ல ஹில்சா தொகுதியில வித்தியாசம் 12 ஓட்டு, ஒதுக்கின தபால் ஓட்டு 182. அப்படி ஒரு நாள் நம்ம தொகுதிக்கு வந்தா, கையில குறிப்பு இருக்கணும்.

இப்ப வீட்டு வேலை. உங்க பாகத்து வாக்காளர் பட்டியலை எடுத்து 85 தாண்டினவங்களை வட்டம் போடுங்க, வீட்டுக்குப் போய் ஆள் இருக்காங்களான்னு பாருங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள்ள தொகுதி குரூப்ல எண்ணிக்கையை மட்டும் போடுங்க. பேர், போன் நம்பர், சான்றிதழ் போட்டோ எதுவும் குரூப்ல வேண்டாம், அது உங்க நோட்டுல மட்டும் இருக்கட்டும். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, இல்லைன்னா 1950க்கு அடிங்க.