அப்பாவின் நாடியும் என் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உன் துறையைப் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர். பம்பைப் பற்றியே பேசுகிறேன். என் அப்பாவின் இதயம்தான் அந்தப் பம்பு.

மாரடைப்புக்குப் பிறகு அவருக்கு மெட்டோப்ரோலால் என்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார்கள். நான் சும்மா இருப்பேனா? நாடி காட்டும் வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டேன். 220-இல் வயது 64 போனால் 156. அதில் எழுபது சதவீதம் 109. அதுதான் இலக்கு. தரங்கம்பாடி நுழைவாயிலிலிருந்து டேனிஷ் கோட்டை வரை நடை. வாட்ச் 88-ஐத் தாண்டவே இல்லை. "இன்னும் வேகமா வாங்கப்பா" என்று விரட்டினேன். "போதும் தம்பி, கண்ணை இருட்டுது" என்று கோட்டை எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதும் என் புத்தி, மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்றுதான் போயிற்று.

டாக்டர் சத்தம் போட்டார். "திடீர்னு நிறுத்தினா மாரடைப்பே திரும்ப வரலாம். நிறுத்த வேண்டியது உங்க கணக்கை!"

விஷயம் இதுதான். நடக்கும்போது அட்ரினலின் வகையறாக்கள் இதயத்தில் 'பீட்டா' என்னும் இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு துடிப்பை ஏற்றும். மாத்திரை அந்த இடங்களில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கிறது. நம்மூர் ஆயில் இன்ஜினில் கவர்னர் இருக்கிறதே, அதுபோல. ஓரளவுக்கு மேல் வேகம் ஏறாது. ஆனால் துடிப்பு குறைந்ததால் இதயம் நிரம்ப நேரம் கிடைக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் தள்ளும். ஆகவே நடையின் பலன் வீண்போவதில்லை. பொய்யாகிப்போவது 220 கணக்குதான். எவ்வளவு குறையும் என்பதும் ஆளுக்கு ஆள், டோசுக்கு டோஸ் மாறும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். சிங்கப்பூரில் சில வருடம் பாடம் நடத்தியவர். இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டுவதற்குப் பதில் அதன் தேவையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். 1960களில் ப்ரோப்ரனலால் வந்தது. 1988-இல் நோபல் பரிசு. தேவையைக் குறைப்பது! எந்த இன்ஜினியருக்கும் முதலில் தோன்றியிருக்க வேண்டியது, எனக்குத் தோன்றவில்லை.

பிறகு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே அப்பாவை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, அவருக்கான அளவை டாக்டர் குறித்துக் கொடுத்தார். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதான் சரியான வேகம். தலை சுத்தினா உடனே நிக்கணும்" என்றார்.

இப்போது வாட்ச் மேஜை டிராயரில் கிடக்கிறது. கோட்டை வரைக்கும் அப்பா ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறார். எந்த இடத்தில் பேச்சு நிற்கிறதோ, அந்த இடத்தில் நானும் நடையைக் குறைத்துக்கொள்கிறேன்.